பறிபோன உறக்கம்
செட்டிகுளத்துப் பெண்களின் வரலாற்றிலிருந்து

மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உறக்கத்திற் கழிக்கிறான் என்று பாடநூல்கள் கூறுகின்றன. இக்கூற்று எல்லோருக்கும் ஒருபடித்தாகப் பொருந்துமா என்று அவை கேட்பதில்லை. உண்ணும் சோற்றிலும் உடுக்கும் துணியிலும் குடியிருக்கும் வீட்டிலும் ஏற்றத்தாழ்வு உண்டென்பதை நாம் அறிவோம். உறக்கத்திலும் அவ்வேற்றத்தாழ்வு உண்டென்பது பலருக்குப் புதுமையாகத் தோன்றக்கூடும். யார் எத்தனை மணி நேரம் உறங்குவது, எவ்விடத்தில் உறங்குவது, எத்தகைய அச்சத்தோடு உறங்குவது என்பவற்றை உடலின் தேவை மட்டும் தீர்மானிப்பதில்லை. உடைமையும் அதிகாரமும் அவற்றைத் தீர்மானிக்கின்றன. பெண்களின் வாழ்வை நோக்குவோர்க்கு இவ்வுண்மை தெள்ளத் தெளியப் புலப்படும்.

இதனை ஆராய நாம் செட்டிகுளத்தை எடுத்துக்கொள்வோம். வவுனியா மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மன்னார் நோக்கிச் செல்லும் வழியில், மதவாச்சி–தலைமன்னார் புகையிரதப் பாதையில் அமைந்த ஊர் அது. நிர்வாக ஏடுகளில் வெங்கலச் செட்டிகுளம் என்று வழங்குவது. அயலில் அருவியாறு ஓடுகிறது. குளமும் வயலும் காடும் சேர்ந்த வன்னி நிலம். 2009ஆம் ஆண்டில் உலகச் செய்திகளில் அடிபட்ட மெனிக் பாம் முகாம் இப்பிரதேசத்திலேதான் இருந்தது. அம்முகாம் ஒன்றே செட்டிகுளத்தின் வரலாறு என்று கொள்வது தவறு. அதற்கு முன்னும் பின்னும் அந்நிலத்துப் பெண்கள் உறங்காத இரவுகள் பலவற்றைக் கண்டவர்கள். அவ்விரவுகளுக்குக் காரணங்கள் உண்டு. காரணம் உள்ளதற்குத் தீர்வும் உண்டு.

அறநூலும் அடுப்படியும்

கணவன் கண்ணயர்ந்த பின் உறங்கி, அவன் விழிக்குமுன் எழுபவளே நல்ல மனையாள் என்னும் கருத்து நம் அறவுரை மரபில் ஆழ வேரூன்றியது. பள்ளிச் சிறுமிக்கு அது பண்பாடாகப் போதிக்கப்பட்டது. புகுந்த வீட்டில் அது அளவுகோலாகப் பயன்பட்டது. பெண்ணுக்கு உறக்கம் குறைவாய் இருப்பதையே ஒரு நற்குணமாக்கி வைத்த மரபு இது.

இவ்வறத்தின் அடித்தளத்தைத் தேடுவோர் அடுப்படிக்குச் செல்ல வேண்டும். அரிசி ஆலை வருவதற்கு முன்னர் அன்றன்று உண்ணும் அரிசியை அன்றன்று குற்ற வேண்டியிருந்தது. உரலும் உலக்கையும் பொழுது புலருமுன் ஒலித்தாலன்றி வயலுக்குப் போகிறவர் வயிறு நிறையாது. குளத்திலிருந்தோ கிணற்றிலிருந்தோ நீர் வர வேண்டும். விறகு வர வேண்டும். கைக்குழந்தைக்குப் பால் வேண்டும். முதியவர்க்கு இருமல் மருந்து வேண்டும். இவையனைத்தும் ஊதியமற்ற வேலைகள். பகலில் வயலிலும் சேனையிலும் ஆணோடு சமமாக உழைத்தவள், இவ்வேலைகளுக்கான நேரத்தை வேறெங்கிருந்து பெறுவாள்? தன் உறக்கத்தை வெட்டியே பெற்றாள். அவ்வாறு வெட்டப்பட்ட நேரத்துக்குக் கூலி கொடுக்க முடியாத சமூகம், அதற்குப் புகழ் கொடுத்தது.

அப்புகழும் எல்லாப் பெண்களுக்கும் கிட்டவில்லை. வசதியுள்ள வீட்டில் முன்னெழுந்தவள் பெரும்பாலும் வேலைக்காரியே. தன் வீட்டு நெல்லையும் பிறர் வீட்டு நெல்லையும் குற்றியவள் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண். வீட்டுக்காரியின் கற்புக்குச் சான்றாக எண்ணப்பட்ட அதிகாலை விழிப்பு, அவளிடத்தில் வெறும் கடமையாக எண்ணப்பட்டது.

வன்னிக்கு இதனோடு வேறொரு துன்பமும் சேர்ந்தது. அது மலேரியா. பாழடைந்த குளங்களும் வற்றும் ஆறுகளின் தேங்கிய மடுக்களும் நுளம்பின் பிறப்பிடங்கள். காய்ச்சல் குடியேற்றங்களைக் கரைத்தது. காய்ச்சற்காரன் அருகில் இராமுழுதும் விழித்திருந்தவள் பெண். அடுத்த வாரம் அதே காய்ச்சலில் விழுந்தவளும் அவளே. மலேரியா இரத்தத்தைக் கரைக்கும் நோய். கருவுற்ற பெண்ணை அது இருமடங்கு வாட்டும். 1934–35இல் இலங்கையின் தென்மேற்கையும் மத்திய பகுதிகளையும் தாக்கிய கொள்ளைக் காய்ச்சல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் அன்று கிராமங்களுக்கு மருந்தும் உணவும் சுமந்து சென்றனர். நம் நாட்டு இடதுசாரி இயக்கம் மக்களிடையே வேர்கொண்டது அப்பணியிலேதான். 1946 முதல் டி.டி.ரி. தெளிப்பினால் நோய் வேகமாக ஒடுங்கியது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். கண்காணிப்புத் தளர்ந்ததும் 1960களின் இறுதியில் அது மீண்டும் பெருகியது. போர்க்காலத்தில் வடக்குக் கிழக்கைப் பற்றிக்கொண்டு நின்றது. 2016 செப்டெம்பரில்தான் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஒரு சமூகம் முனைந்தால் இரவை ஓரளவேனும் பெண்களுக்கு மீட்டுக் கொடுக்க முடியும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

பாதையில் வந்தவர்கள்

செட்டிகுளத்தின் மக்கள் அனைவரும் அங்கேயே பிறந்தவர்களல்லர். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியக் கூலிகள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளை நோக்கிக் கால்நடையாகச் சென்றனர். பசியும் தாகமும் வாந்திபேதியும் காய்ச்சலும் அவ்வழியிற் பலரைப் புதைத்தன. கூட்டத்தோடு வந்த பெண்கள், குழந்தையை மடியிற் கிடத்தி மரத்தடியில் இரவைக் கழித்தனர். காட்டு விலங்குக்கும் அஞ்ச வேண்டியிருந்தது. கங்காணிக்கும் அஞ்ச வேண்டியிருந்தது.

அவர்களின் பேத்தியரும் கொள்ளுப் பேத்தியரும் தேயிலைத் தோட்டங்களில் ‘லயன்’ அறைகளில் வாழ்ந்தனர். முழுக் குடும்பத்துக்கும் ஓர் அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே பிரசவம், அதிலேயே உறக்கம். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையை மடுவத்தில் விட்டு, கொழுந்து கொய்யப் பிரட்டுக்கு நிற்க வேண்டியவள் பெண். மாலையில் ஆண் கைகழுவி அமரும்போது அவளுடைய இரண்டாவது வேலைநாள் தொடங்கும்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களிற் பஞ்சம் பரவியது. 1977ஆம் ஆண்டு வன்செயல் பலரைத் தோட்டங்களிலிருந்து துரத்தியது. அவர்களில் ஆயிரக்கணக்கானோர் வவுனியா மாவட்டத்துக்கு வந்தனர். காந்தியம் இயக்கம் அவர்களைக் காட்டோரங்களிற் குடியமர்த்தியது. கட்டடக் கலைஞர் சோ. அ. டேவிட்டும் டொக்டர் இராசசுந்தரமும் அவ்வியக்கத்தை முன்னின்று நடத்தினர். 1983 யூலையில் வெலிக்கடைச் சிறைக் கொலைகளில் இராசசுந்தரம் மாண்டார். காடு வெட்டிக் குடிசை கட்டிய அம்மக்களின் இரவுகள் யானைக்கும் பன்றிக்கும் காவலிருந்த இரவுகள். பின்னர் துப்பாக்கிக்கும் காவலிருந்த இரவுகள். தோட்டத்து லயனிலிருந்து வன்னிக் குடிசைக்கு வந்த பெண், இடத்தை மாற்றினாளேயன்றி விழிப்பை மாற்ற இயலவில்லை.

சட்டம் கண்ட இரவும் காணாத இரவும்

உலக அரங்கில் இப்பிரச்சினை எவ்வாறு முதன்முதற் பேசப்பட்டது என்பதை இவ்விடத்தில் நோக்குவது பயன் தரும்.

1863 யூன் மாத இறுதியில் இலண்டன் நாளேடுகள் ஒரு சாவுச் செய்தியை வெளியிட்டன. மேரி ஆன் வோக்லி என்னும் 20 வயதுத் தையற்பெண், உயர்குடி மாதரின் ஆடம்பர உடைகளைக் குறித்த நாளில் முடிப்பதற்காக, வேறு 60 பெண்களோடு 26½ மணி நேரம் இடைவிடாது வேலை செய்து இறந்தாள். முப்பது முப்பது பேராக ஓர் அறையில் அவர்கள் வேலை செய்தனர். பலகை அடித்துப் பிரித்த காற்றோட்டமற்ற பொந்துகளில் இருவர் இருவராகப் படுத்தனர். நெருக்கமான வேலையறையும் காற்றற்ற படுக்கையறையும் மிகையான வேலைநேரமுமே சாவுக்குக் காரணம் என்று வைத்தியர் சாட்சி கூறினார். மரண விசாரணைச் சபையோ, அவள் மூளை இரத்தக்கசிவினால் இறந்தாளென்றும் மிகைவேலை அதனை விரைவுபடுத்தியிருக்கலாமென்றும் முடிவு செய்தது. மார்க்ஸ் தம் ‘மூலதனம்’ முதற் பாகத்தில் வேலைநாள் பற்றிய அதிகாரத்தில் இந்நிகழ்ச்சியைப் பதிந்து வைத்தார். ஒரு பெண்ணின் உறக்கம் திருடப்பட்டதை மருத்துவச் சொல்லொன்றினால் மூடிவிடும் வழக்கத்துக்கு இது பழைய உதாரணம்.

தொழிலாளர் இயக்கம் எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் தமக்கென்று முழங்கியது. 1886இல் சிக்காகோவில் அதற்காக இரத்தம் சிந்தப்பட்டது. 1906ஆம் ஆண்டு பேர்ன் நகர உடன்படிக்கையும், 1919இல் வாஷிங்டனிற் கூடிய சர்வதேசத் தொழில் மாநாட்டின் உடன்படிக்கையும் தொழிற்சாலைகளிற் பெண்களின் இரவு வேலையைத் தடைசெய்தன. தொடர்ந்து 11 மணி நேர இரவு ஓய்வை வலியுறுத்தின. இலங்கையில் 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம் இவ்வழியைப் பின்பற்றியது.

1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. அந்நிய மூலதனத்துக்கு இயந்திரம் இரவிலும் ஓட வேண்டும். இயந்திரத்தின் முன் மலிவான கூலிக்கு இளம்பெண் இருக்க வேண்டும். 1984இல் சட்டம் திருத்தப்பட்டது. பெண்ணின் விருப்பமும் தொழில் ஆணையாளரின் அனுமதியும் இருந்தால், மாதத்துக்குப் பத்து நாளுக்கு மேற்படாமல் இரவில் வேலை வாங்கலாம் என்றாயிற்று. வறிய வீட்டுப் பெண்ணின் விருப்பம் என்பது யாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

பழைய தடையை மீண்டும் கொண்டு வருக என்று நாம் கூறவில்லை. அத்தடைக்கும் ஒரு மறுபுறம் இருந்தது. அது பெண்ணை நல்ல ஊதியமுள்ள வேலைகளிலிருந்து விலக்கி வைத்தது. தொழிற்சாலையைப் பற்றிப் பேசிய சட்டம், வைத்தியசாலையில் இரவு முழுதும் நின்ற தாதியையும் எசமானர் வீட்டுத் தரையிற் படுத்த வேலைக்காரியையும் காணவில்லை. சென்னை உயர்நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில், இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரவுத் தடையைச் சமத்துவத்துக்கு முரணென்று தள்ளியது. பாதுகாப்பும் போக்குவரத்தும் ஓய்வும் அளிக்கப்பட வேண்டுமென்று நிபந்தனைகளும் விதித்தது. 1990ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை, இரவில் உழைக்கும் ஆண் பெண் இருபாலாருக்கும் உடல்நலப் பரிசோதனையும் தாய்மைப் பாதுகாப்பும் வேண்டுமென்றது. செல்ல வேண்டிய திசை இதுவே. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. வீட்டுக்குள் நடக்கும் இரவு வேலையை இச்சட்டங்களில் எதுவும் இன்றுவரை தொட்டதில்லை.

உடல் கூறும் சாட்சி

உறக்கம் சோம்பலின் வடிவம் என்று எண்ணிய காலம் உண்டு. விஞ்ஞானம் அவ்வெண்ணத்தைத் தகர்த்துவிட்டது. 1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறங்கும் மனிதனின் கண்கள் விரைந்தசையும் ஒரு கட்டத்தைக் கண்டு அறிவித்தனர். உறங்கும் மூளை ஓய்ந்து கிடப்பதில்லை, ஒழுங்கான கட்டங்களாகத் தொழிற்படுகிறது என்பது அதனாற் புலனாயிற்று. உடலின் உயிரணுக்களுக்குள்ளேயே பகலிரவைக் கணக்கிடும் பொறியொன்று உண்டென்பதை விளக்கிய மூவர்க்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. உறக்கத்தின்போது இரத்த அழுத்தம் தாழ்கிறது, சேதமுற்ற திசுக்கள் சீராகின்றன, நினைவு உறுதிப்படுகிறது, நோயெதிர்ப்பு ஆற்றல் திரள்கிறது. உறக்கம் குறைந்தால் இவையனைத்தும் குறைவுறும்.

பெண்ணுடலைப் பற்றிய ஆய்வுகள் நெடுங்காலம் பின்தங்கியே நின்றன. ஆணின் உடலையே மனித உடலெனக் கொண்டு ஆய்ந்த வழக்கம் அதற்குக் காரணம். அண்மைக் காலத்திற் கிடைத்த முடிவுகள் சிந்தனைக்குரியன. உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான கணிப்பின்படி, உறக்கமின்மை நோய் ஆண்களைவிடப் பெண்களிடத்து ஏறத்தாழ 1.4 மடங்கு அதிகம். மாதவிலக்குச் சுழற்சி, கருப்பேறு, பாலூட்டல், மாதவிலக்கு ஓயும் பருவத்து உடற்சூடு ஆகியன உறக்கத்தைக் கலைப்பன. இரும்புச்சத்துக் குறைந்த பெண்ணுக்குப் படுத்ததும் கால்களில் இனம்புரியாத ஊர்தலும் பதற்றமும் தோன்றி உறங்கவிடாமற் செய்தலும் உண்டு. வறுமையும் அடுத்தடுத்த பிரசவமும் இரத்தச் சோகையைத் தருகின்றன; இரத்தச் சோகை உறக்கத்தைக் கெடுக்கிறது; உறக்கமின்மை உழைக்கும் வலுவைக் குறைக்கிறது; வலுக்குறைவு வறுமையைக் கூட்டுகிறது. இவ்வட்டத்துக்குள் அகப்பட்டவளை ‘நோஞ்சான்’ என்று ஊர் இகழ்கிறது.

அமெரிக்கத் தாதியர் 71,617 பேரைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஐந்து மணி நேரமோ அதிற் குறைவாகவோ உறங்கியோருக்கு, எட்டு மணி நேரம் உறங்கியோரைவிட இருதய நாடி நோய் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகமெனக் கண்டனர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 40 பெண்கள் ஆறு வாரங்களுக்கு நாள்தோறும் ஒன்றரை மணி நேர உறக்கத்தைக் குறைத்துக்கொண்டனர். அவர்கள் உடலில் இன்சுலினுக்கு இணங்காத தன்மை 15 சதவீதமளவு உயர்ந்தது. மாதவிலக்கு ஓய்ந்தோரிடத்து 20 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. நீரிழிவுக்கு இட்டுச்செல்லும் படி அது. ஒன்றரை மணி நேரம் என்பது நம் பெண்களுக்கு எம்மாத்திரம்! பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சோறு கட்டும் தாய் அதனை ஆறு வாரமன்று, முப்பது ஆண்டுகள் குறைத்துக்கொள்கிறாள்.

இரவு மாறுவேலை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2007இல் வகைப்படுத்தியது. இடையில் மாறான முடிவுகள் சில வெளிவந்த போதிலும், 2019இல் மறுபடி ஆராய்ந்து அதே வகுப்பில் வைத்தது. டென்மார்க் நாட்டில், நீண்டகாலம் இரவு வேலை செய்து மார்புப் புற்றுநோய்க்கு ஆளான பெண்களுக்கு நட்டஈடும் வழங்கப்பட்டது. இரவைப் பறிப்பது உடலைப் பறிப்பது என்பதை ஓர் அரசு ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சி அது.

உள்ளத்தைப் பற்றியும் ஒரு சொல். உறக்கமின்மை சோர்வுநோயின் விளைவென்றே முன்னர் எண்ணினர். அது சோர்வுநோய்க்கு வித்துமாகும் என்பது இன்று தெளிவாகியுள்ளது. இரவில் எழுந்து உட்கார்ந்து பிதற்றும் பெண்ணுக்குப் பேய் பிடித்ததென்று வேப்பிலை அடித்த ஊர்கள் நம்மிடையே உண்டு. அவளை உறங்கவிடாத பேயின் பெயரை யாரும் கேட்டதில்லை.

மெனிக் பாம்

2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்கள் வன்னி மக்கள் பதுங்குகுழிகளில் வாழ்ந்த மாதங்கள். ஊரூராகப் பெயர்ந்து முள்ளிவாய்க்காற் கரைவரை ஒதுங்கியவர்களுக்கு இரவும் பகலும் ஒன்றாயின. எறிகணையின் ஓசையைக் கேட்டு எத்திசையில் விழும் என்று கணிக்கத் தெரிந்த காதுகள் உறங்கும் காதுகளல்ல. பிள்ளையைத் தன் உடலால் மூடிக் கிடந்த தாய்க்கு உறக்கம் என்பது சில நிமிட மயக்கமே.

மே மாதத்திற் போர் முடிந்தது. உயிரோடு வெளியேறியோர் செட்டிகுளத்து மெனிக் பாமுக்குக் கொண்டுவரப்பட்டனர். ஏறத்தாழ 700 ஹெக்டேயர் காட்டை வெட்டி அமைத்த அம்முகாம், உச்சக்கட்டத்தில் 2 லட்சத்து 25 ஆயிரம் பேரைக் கொண்டிருந்ததென ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டது. முகாமின் வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று தமிழ்ப் பெரியோரின் பெயர்கள் சூட்டப்பட்டன. சுற்றிலும் முட்கம்பி, வாயிலிற் படையினர். 2009 டிசெம்பர் வரை வெளியே செல்லும் உரிமை எவர்க்கும் இருக்கவில்லை.

அகதி முகாமில் ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் மூடிய இடம் வேண்டும் என்பது சர்வதேச நியமம். மெனிக் பாமின் கூடாரங்கள் பலவற்றில், ஒன்றையொன்று அறியாத குடும்பங்கள் நெருங்கிக் கிடந்தன. அந்நிய ஆடவர் அருகிற் படுத்திருக்கையில் இளம்பெண் எவ்வாறு கண்ணயர்வாள்? பகலிற் கொதித்த தறப்பாள் இரவிலும் வெக்கையைக் கக்கியது. தண்ணீருக்கு வரிசை, உணவுக்கு வரிசை, கழிப்பிடத்துக்கு வரிசை. இருளிற் கழிப்பிடம் செல்ல அஞ்சிய பெண்கள் மாலையில் நீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்வது எந்த முகாமிலும் காணப்படுவது. அதனால் வரும் சிறுநீர் நோய்களும் அவ்வாறே. ஆகஸ்ட் மழையில் வெள்ளம் கூடாரங்களுக்குள் புகுந்தது. பிள்ளைகளைத் தோளிற் சுமந்து இரவு முழுதும் நின்றோர் பலர். அம்மை நோயும் மஞ்சட்காமாலையும் பரவின. செட்டிகுளம் வைத்தியசாலையும் வவுனியா வைத்தியசாலையும் தம் கொள்ளளவை மீறித் திணறின. எல்லைகளற்ற மருத்துவர் அமைப்பு முகாமுக்கு எதிரே ஒரு கள வைத்தியசாலையைத் திறந்தது.

இவற்றைவிடக் கொடியது, வராதவரைப் பற்றிய நினைவு. கணவன் எங்கே, மகன் எங்கே என்ற வினாக்கள் பகலில் வரிசைகளில் மறைந்து இரவில் எழுந்தன. மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், வன்னி இடம்பெயர்ந்தோரைப் பற்றி 2010இல் எழுதிய ஆய்வில், இதனைத் தனிமனிதரின் நோயாக மட்டும் கருத முடியாதென்றும், ஒரு சமூகம் முழுவதன் கூட்டுக் காயமாகக் காண வேண்டும் என்றும் விளக்கினார். 2009 நடுப்பகுதியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்திய ஆய்வொன்று, மாவட்ட மக்களில் 32.6 சதவீதத்தினரிடம் மனப்பதற்றக் குறிகளையும் 22.2 சதவீதத்தினரிடம் சோர்வுநோய்க் குறிகளையும் கண்டது. அவ்வேளையில் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தோரிடத்து இவை 48.5 சதவீதமாகவும் 41.8 சதவீதமாகவும் இருந்தன. இவ்வெண்களுக்குப் பின்னால் உறங்காத இரவுகள் எத்தனை என்பதை ஆசிரியர்களும் மாணவர்களும் எண்ணிப் பார்க்கலாம்.

முகாமுக்குப் பின்

2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டது. இறுதியாக வெளியேறியோருள் கேப்பாப்பிலவு மக்கள் இருந்தனர். அவர்களின் நிலத்திற் படையினர் இருந்தமையால், அவர்கள் தம் ஊருக்கன்றி வேறோர் இடத்துக்கு அனுப்பப்பட்டனர். 2017இன் தொடக்கத்தில் கேப்பாப்பிலவுப் பகுதியின் பிலக்குடியிருப்புப் பெண்கள் ஏறத்தாழ ஒரு மாதம் படைமுகாம் வாயிலிலேயே பனியிற் படுத்து, தம் காணிகளை மீட்டனர். அதே ஆண்டு பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரக் கொட்டகைகளில் தொடர் போராட்டம் தொடங்கினர். ஆண்டுகள் உருண்டன. அவர்களிற் பலர் விடை காணாமலே இறந்துவிட்டனர். முன்பு பிறர்க்காக உறக்கத்தை இழந்த பெண், இங்கே தன் உரிமைக்காக அதனைத் தானே துறக்கிறாள். இரண்டும் ஒன்றல்ல, எனினும் உடல் செலுத்தும் விலை ஒன்றே.

மீள்குடியேறிய கிராமங்களிற் கணவனை இழந்த பெண்கள் ஆயிரமாயிரவர். வயற்காவலும் அவர்களது; கூலி வேலையும் அவர்களது. அவர்களின் வாசலுக்கு நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. கிழமைதோறும் தவணை, தவறினால் வாசலில் நின்று அவமானப்படுத்தல். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். 2018இல் அரசு, வறட்சி கண்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டமொன்றை அறிவிக்க நேர்ந்தமை, இத்துன்பத்தின் பரப்பைக் காட்டுகிறது. நாளை வரும் தவணைக்காரனை எண்ணிப் புரளும் பெண்ணுக்கு வைத்தியர் தூக்கமாத்திரை எழுதிக் கொடுக்கலாம். மாத்திரை கடனை அடைக்காது.

இலங்கைப் புள்ளிவிவரத் திணைக்களம் 2017இல் முதன்முறையாக நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நடத்தியது. ஊதியமற்ற வீட்டுவேலையிலும் பராமரிப்பிலும் பெண்கள் செலவிடும் நேரம் ஆண்களினதைப் பன்மடங்கு மிஞ்சுவது அதிற் புலனாயிற்று. உரலோசை நின்றது, உழைப்பு நிற்கவில்லை.

செய்யத்தக்கன யாவை? பெண்ணின் உறக்கத்தை அவளுடைய தனிப்பட்ட பழக்கமாகக் கருதி, ‘நேரத்தோடு படு, கவலையை விடு’ என்று அறிவுரை கூறுவதோடு நாம் நின்றுவிடலாகாது. கருவுற்ற தாயர் சிகிச்சை நிலையத்தில் எடையும் இரத்தமும் பார்ப்பது போல் உறக்கமும் கேட்டறியப்பட வேண்டும். இரத்தச் சோகைக்கு மருந்தும் நல்லுணவும் கிடைக்க வேண்டும். இரவில் உழைக்கும் தாதிக்கும் ஆடைத் தொழிலாளிக்கும் மறுநாள் ஓய்வு சட்டத்தால் உறுதிப்பட வேண்டும். முகாம் அமைக்க நேரும் இடத்தில் வெளிச்சமும் தாழ்ப்பாளும் தனியறையும் உணவுக்கும் மருந்துக்கும் நிகரான தேவைகளாக எண்ணப்பட வேண்டும். கிராமப் பெண்ணுக்கு நியாய வட்டியிற் கூட்டுறவுக் கடன் வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய உண்மை சொல்லப்பட வேண்டும். அதைவிடச் சிறந்த உறக்க மருந்து அத்தாய்மார்க்கு வேறில்லை. அனைத்துக்கும் மேலாக, வீட்டுவேலை வீட்டிலுள்ள எல்லோருடைய வேலையும் ஆக வேண்டும்.

இவற்றிற் பல, ஆசிரியராகிய ஒருவரின் கைக்கு எட்டாதவை என்று தோன்றலாம். எட்டுவதும் ஒன்று உண்டு. வன்னிப் பாடசாலை ஒன்றின் காலை முதற் பாடத்தில் ஒரு மாணவி மேசைமீது தலை சாய்த்துக் கண்ணயர்ந்தால், அவளை எழுப்பி நிறுத்தித் தண்டிப்பது எளிது. நேற்றிரவு அவ்வீட்டில் கடைசியாகப் படுத்தவர் யார், இன்று முதலில் எழுந்தவர் யார் என்று அவளிடம் பரிவோடு கேட்டறிவது சற்றுக் கடினம். அக்கேள்விக்கு அவள் கூறும் விடையில் செட்டிகுளத்தின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கக் கூடும். அவளுடைய தம்பியிடமும் அதே வினாவைக் கேட்போமாயின், அவ்வரலாற்றை மாற்றும் வேலையும் அவ்வகுப்பறையிலேயே தொடங்கிவிடும்.